சாமியார் முகம் யார் பக்கம்?

எங்கள் கோயிலில் சாமியாரின் முதுகு ஆண்களுக்கு, முகம் பெண்களுக்கு. பனையேந்தலில் பிறந்த யாருக்கும் இதில் வியப்பு கிடையாது. சிங்கம்புணரிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்த நான்தான் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் திகைத்துப்போய், செபமாலையை உருட்டக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

கோயிலைக் கட்டியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் வியாகுல மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு, மானகிரிப் பக்கம் செட்டியார் வீடுகள் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்களைக் கூட்டிவந்தாராம். அவர்களுக்கு வீடு கட்டத்தான் தெரியும். அதனால் மாதாவுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். முன்னால் முகப்பு, நடுவில் வானம் பார்த்த வளவு, அதைச் சுற்றித் தூண் வைத்த பத்திகள், பின்னால் பெண்கள் புழங்குவதற்கு இரண்டாங்கட்டு. கோபுரம் எங்கே என்று சாமியார் கேட்டதற்கு, வீட்டுக்கு எதற்குக் கோபுரம் என்று திருப்பிக் கேட்டார்களாம். வளவுக்கு மேலே தகரம் போட்டதெல்லாம் பின்னாளில்.

வளவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவில் ஆளுயரத் தேக்குக் கிராதி. அந்தக் கிராதியை ஒட்டித்தான் பீடம். பூசை லத்தீனில் நடந்த காலம் அது. சாமியார் பீடத்தைப் பார்த்து, சனங்களுக்கு முதுகு காட்டி நிற்பார். உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் மற்ற ஊர்களில் பீடத்துக்குப் பின்னால் சுவர் இருந்தது. எங்கள் ஊரில் பீடத்துக்குப் பின்னால் நாங்கள் இருந்தோம்.

கிராதிச் சட்டங்களுக்கு நடுவே சாமியார் முகம் அப்படியே தெரியும். இரண்டு பக்கமும் மெழுகுதிரி எரியும், நடுவில் முகம். அவர் கொட்டாவியை அடக்குவது, லத்தீனில் ஒரு வரி மறந்துபோய் மோட்டைப் பார்ப்பது, அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது கண் கலங்குவது, எல்லாம் எங்களுக்கு மட்டும்தான். முகத்தைப் பார்த்தே இன்று பிரசங்கம் நீளுமா, சீக்கிரம் முடிந்துவிடுமா என்று சகாயம்மாள் சொல்லிவிடுவாள். சகாயம்மாள் எங்கள் அடுத்த வீட்டுக்காரி. அவள் வாய்க்குப் பயந்து காக்கைகூட எங்கள் தெருவில் வடகத்தில் வாய் வைக்காது.

வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. முகம் பார்த்ததால்தான் சாமியாருக்குக் காய்ச்சல் என்றால் பூசை முடியுமுன் எங்கள் வீட்டு அடுப்பில் கஞ்சி கொதித்தது. மனசு சரியில்லை என்றால் அன்றைக்கு மீன் குழம்பு போனது. அந்த மனிதருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. அவர் முகத்தைப் பார்க்க உலகத்தில் இருந்தவர்கள் நாங்கள்தான்.

அறுபத்தேழாம் வருசம் கோடைக்கு முன்னால், ரோமாபுரியிலிருந்து வந்த புதுச் சட்டம் எங்கள் ஊர் வரைக்கும் நடந்து வந்து சேர்ந்தது. இருதயராஜ் சாமியார் பிரசங்கத்தில் அறிவித்தார். இனிமேல் பூசை தமிழில். சாமியார் சனங்களுக்கு முதுகு காட்டக்கூடாது. சனத்தைப் பார்த்து நின்றுதான் பூசை வைக்க வேண்டும். அதற்குத் தகுந்தபடி பீடத்தை மாற்றி, கோயிலையும் பழுது பார்த்து, செப்டம்பரில் மாதா திருவிழாவுக்குள் முடித்துவிட வேண்டும்.

ஆண்கள் பக்கம் ஒரே சந்தோசம். கிராதிக்கு இந்தப் பக்கம் செபமாலை உருட்டுவது நின்றது.

“அப்ப நமக்கு?” என்றாள் சகாயம்மாள்.

பழுது பார்க்கும் வேலையை யாரிடம் கொடுத்தார்கள் என்று கேட்டால், என் வீட்டுக்காரரிடம்தான் கொடுத்தார்கள். ஞானசேகர், காரைக்குடியில் ஓவர்சியர். பாலமும் வாய்க்காலும் கட்டிப் பிழைத்தவருக்குப் பழைய கட்டடம் என்றால் உயிர். பழைய கட்டடத்தில் எப்படிக் கை வைக்க வேண்டும் என்று அவரிடம் சில விதிகள் உண்டு. சோறு சாப்பிடும்போதுகூட, ‘இன்பம்’ என்று என் பெயரைச் சொல்லி அவற்றை எடுத்து விடுவார்.

“சுண்ணாம்புச் சுவத்துக்குச் சுண்ணாம்புதான், இன்பம். சிமெண்ட்டைப் பூசினா சுவரு மூச்சு முட்டிப் போகும். புதுசா ஒண்ணு வச்சா அது புதுசுன்னு பாத்ததும் தெரியணும், பழசு மாதிரி வேசம் போடக் கூடாது. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. பழசுல எதைத் தொடுறதுக்கு முன்னாலயும், இது ஏன் இங்க இருக்குன்னு கேக்கணும். பதில் தெரியாம ஒரு ஆணியைக்கூடப் புடுங்கக் கூடாது.”

“ரசம் ஊத்தவா?” என்பேன் நான்.

படம் வரைந்து முடித்ததும் பெருமையாக என் முன்னால் விரித்தார். அழகாகத்தான் இருந்தது. பீடம் கிராதியைவிட்டு நாலடி முன்னால் வந்திருந்தது. கிராதி இருந்த இடத்தில் கனமாக ஒரு கறுப்புக் கோடு ஓடியது.

“இது என்ன?”

“சுவரு. சாமியாரு இனி அங்குட்டுத் திரும்பி நிப்பாருல்ல? கிராதி வழியா பின்னால இருந்து வெளிச்சம் வந்தா முகம் இருட்டடிச்சுப் போகும். சனத்துக்கு முகம் தெரியாது. அதான் அடைச்சிடுறோம்.”

“நாங்க எங்க உக்கார்றது?”

“எப்பவும் உக்கார்ற இடத்துலதான். இரண்டாங்கட்டுல ஒரு ஸ்பீக்கர் வச்சுக் குடுக்கிறேன். இப்ப கேக்குறதைவிட நல்லாவே கேக்கும்.”

எனக்கு வந்த கோபத்தில் படத்தை அப்படியே சுருட்டிவிட்டேன்.

“ஸ்பீக்கருக்கு மொகரை இருக்கா? சனத்தைப் பாத்து நிக்கணும்னு தானே சட்டம் வந்திருக்கு? சனம்னா யாருங்க? இத்தனை வருசமா எங்களைத்தான் பாத்துக்கிட்டு நின்னாக. நீங்கதான் முதுகைப் பாத்துக்கிட்டு இருந்தீக. இப்பத் திருப்பி நிறுத்திட்டு, சனத்துக்கு முகம் காட்டியாச்சுங்கிறீக. நாங்க சனம் இல்லையா?”

அவர் சுருட்டிய படத்தை வாங்கி மறுபடி விரித்தார். பிறகு, “வெளிச்சம் பின்னால இருந்து வருதே, அதுக்கு என்ன பண்றது?” என்றார். ஓவர்சியரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். நாம் நியாயம் பேசினால் அவர் வெளிச்சம் பேசுவார்.

மறுநாள் நானும் சகாயம்மாளும் இன்னும் சில பெண்களும் சாமியார் பங்களாவுக்குப் போனோம். இருதயராஜ் சாமியார் சின்ன வயசு. சாப்பாட்டில் கவனம் இல்லாத, எலும்பும் தோலுமான மனிதர். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பக்கத்தில் உபதேசியார் வியாகுலம் நின்றுகொண்டிருந்தார். சாமியாருக்கு அடுத்தபடி கோயில் காரியங்களைப் பார்ப்பவர் அவர். ஆண்கள் பக்கத்துக்கு அவர் சொன்னதுதான் வேதம்.

“அம்மா, சுவர் வைக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம் புது முறையில பூசை வச்சுப் பாப்போம். அப்புறம் பேசலாம்” என்றார் சாமியார்.

“அப்படின்னா எங்களையும் வளவுக்குள்ள விடுங்க, சாமி” என்றேன். “ஆம்பளைக ஒரு பத்தியில, நாங்க ஒரு பத்தியில உக்காருவோம். நீங்க ரெண்டு பக்கமும் பாத்துக்கலாம்.”

வியாகுலம் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். “பொம்பளைக வளவுக்குள்ள வந்து உக்காந்தா ஆம்பளைகளுக்குக் கவனம் சிதறும், சாமி. நம்ம கோயில்ல அப்படி ஒரு பழக்கமே கெடையாது.”

சாமியார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருடைய இடது புருவம் லேசாகத் துடித்தது.

“சாமிக்குப் பசி” என்றாள் சகாயம்மாள் வெளியே வந்ததும். “இடது புருவம் துடிச்சா அதுதான். போயி ரெண்டு இட்லி குடுத்து விடு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் காலையிலேயே தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. பீடத்துக்கு முன்னால் ஒரு மர மேசையைப் போட்டு வெள்ளைத்துணி விரித்திருந்தார்கள். சாமியார் வந்தார். கிராதிப் பக்கம் முதுகைக் காட்டி, ஆண்கள் பக்கம் திரும்பி நின்றார். எங்களுக்குத் தெரிந்தது பூசை உடுப்பின் முதுகில் தைத்திருந்த சிலுவை மட்டும்தான். என்னால் அதைப் பார்த்துப் பாடவே முடியவில்லை. கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பது நான்தான். முதல் பாட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். வருத்தத்தில்தான். வெட்கப்படாமல் சொல்கிறேன், அழுகை வந்தது.

ஆண்கள் பக்கம் வேறு கதை. பிறந்த நாள் முதலாகப் பீடத்தில் முதுகை மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் முதன்முதலாகப் பூசை வைக்கும் சாமியாரின் முகத்தைப் பார்க்கிறார்கள். புதுவயல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவர்கள்கூட அன்று பின்னால் நிற்காமல் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் முகம் வெளுத்திருந்ததாம். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றதாம். உதடு நடுங்கியதாம். கண் மேலே மேலே போனதாம். இதெல்லாம் பிறகு அவர்களே சொன்னது.

இதில் ஏதாவது ஒன்றைக் கிராதி வழியாகப் பார்த்திருந்தால் நாங்கள் அந்த நிமிசமே கஞ்சிச் சொம்பைத் தூக்கியிருப்போம். அவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? பூசை வைக்கும்போது சாமியார் முகம் எப்போதும் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தார்கள். “பக்தியில உருகுறாக” என்று வியாகுலம் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாராம். சொன்னதோடு நிற்காமல் தானும் கையை விரித்துக்கொண்டாராம்.

“குரலு சரியில்ல, இன்பம்” என்றாள் சகாயம்மாள் என் காதில். “மொகத்தைப் பாத்தாத்தானே என்னன்னு தெரியும்!”

சாமியார் சுவிசேசம் வாசிக்க ஆரம்பித்தார். பாதியில் வார்த்தை நின்றது. மேசை கிரீச்சென்றது. பிறகு தொப்பென்று ஒரு சத்தம்.

கிராதி வழியாகப் பார்த்தேன். சிலுவையைக் காணோம். அதைவிட ஆச்சரியம், வளவிலும் யாரையும் காணோம். எழுந்து எட்டிப் பார்த்தால், அத்தனை ஆண்களும் தரையில் குப்புறக் கிடந்தார்கள்.

பூசை புதுசு அல்லவா? அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. சாமியார் சரிந்ததைப் பார்த்த வியாகுலம், சுவிசேசத்துக்கு நடுவில் நெடுஞ்சாண்கிடையாக விழவேண்டும் போலிருக்கிறது என்று முடிவு செய்து முதல் ஆளாக விழுந்திருக்கிறார். உபதேசியாரே விழுந்த பிறகு மற்றவர்கள் நிற்பார்களா? மொத்த வளவும் விழுந்துவிட்டது. அதில் மூன்றாவது தூண் பக்கம் வெள்ளைச் சட்டை போட்டுக் கிடந்தவர் என் வீட்டுக்காரர். இன்றைக்கும் வீட்டில் வாக்குவாதம் வந்தால் அந்தத் தூணைப் பற்றி நான் ஒரு வார்த்தை எடுத்தால் போதும், முடிந்துவிடும்.

“சாமி விழுந்துட்டாக!” என்று சகாயம்மாள் போட்ட சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வளவுக்குள் ஓடினோம். கிடந்த ஆண்களைத் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. சகாயம்மாள் ஒருவரை மிதித்தும் போனாள். அது வியாகுலம்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவள் மறுத்ததில்லை.

சாமியாரின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, முகத்தில் தண்ணீர் அடித்து, உப்புப் போட்ட நீராகாரத்தை ஊட்டினோம். உடம்பு அனலாகக் கொதித்தது. காய்ச்சலோடு, முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்து நின்றிருக்கிறார். கண்ணைத் திறந்தவர் முதலில் எங்களைப் பார்த்தார். பிறகு வளவைப் பார்த்தார். பாதிப் பேர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

“அவுங்களுக்கு என்னம்மா ஆச்சு?” என்று மெதுவாகக் கேட்டார்.

அதற்கு மேல் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாமியாரும் படுத்தபடியே சிரித்தார்.

காய்ச்சல் இறங்கி அவர் நடமாட ஆரம்பித்ததும் கூட்டம் போட்டார். பெண்களையும் வரச் சொல்லியிருந்தார். வளவில் எல்லாரும் உட்கார்ந்தோம், ஆண்கள் ஒரு பத்தியில், பெண்கள் ஒரு பத்தியில். அப்படி உட்கார்ந்ததையே பாதிப் பேர் கவனிக்கவில்லை.

வியாகுலம் எழுந்து பழைய பாட்டைத் தொடங்கினார். “நடந்தது நடந்துபோச்சு. அதுக்காகப் பொம்பளைகளை வளவுக்குள்ள உக்கார வச்சா ஆம்பளைகளுக்குக் கவனம்...”

“ஒங்க கவனம் எந்த லட்சணத்துல இருந்துச்சுன்னுதான் ஞாயித்துக்கிழமை பாத்தோமே” என்றாள் சகாயம்மாள்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்து எழுந்தவர் என் வீட்டுக்காரர். கையில் பழைய படம். சுவரைத்தான் கடைசிவரை பிடித்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்து நான் சண்டைக்குத் தயாராக முந்தானையை இழுத்துச் செருகினேன்.

“பழைய கட்டடத்துல எதைத் தொட்டாலும் இது ஏன் இங்க இருக்குன்னு கேக்கணும்பேன். ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேன். இந்தக் கிராதி ஏன் இங்க இருக்குன்னு நான் கேக்கல. பொம்பளைகளை மறைக்கத்தான்னு நெனச்சுட்டேன். மறைக்க மட்டும்னா சுவரே வச்சிருப்பாங்கல்ல? அவுகளும் பாக்கணும்னுதான் கிராதி வச்சிருக்காங்க. என் சம்சாரம் அன்னைக்கே கேட்டா, சனம்னா யாருன்னு. நான் வெளிச்சத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன்.”

ஊர் முன்னால் அவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சண்டை மறந்துபோய் வெட்கம் வந்துவிட்டது. செருகிய முந்தானையை மெதுவாக எடுத்துவிட்டேன்.

“அப்ப என்ன செய்யலாம், ஞானசேகர்?” என்றார் சாமியார்.

“பீடத்தை வளவுக்கே கொண்டாந்துருவோம், சாமி. கட்டினவங்க வீடுதானே கட்டியிருக்காங்க? வீட்டுல நல்லது கெட்டது எல்லாம் வளவுலதான். நீங்க கிராதிக்கு முதுகு காட்டி நில்லுங்க, அங்க இனிமே யாரும் இருக்க மாட்டாக. இரண்டாங்கட்டு நீங்க உடுப்பு மாத்துறதுக்கு. பொம்பளைகளுக்கு இங்குட்டுப் பத்தி, ஆம்பளைகளுக்கு அங்குட்டுப் பத்தி, முன்னால யாரு முந்தி வர்றாகளோ அவுக. வெளிச்சமும் பின்னால இருந்து வரவேணாம். இந்தத் துருப்பிடிச்ச தகரத்தை எடுத்துட்டுக் கண்ணாடி ஓடு போட்டா நேரா மேல இருந்து விழும். முகம் நல்லாத் தெரியும்.”

சாமியார் அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். வியாகுலம்கூடப் பார்த்தார்.

வேலை ஆடி பிறக்கும் முன்பே தொடங்கியது. கொத்தனார் சின்னக்கருப்பு சிங்கம்புணரியிலிருந்து ஆட்களோடு வந்து இறங்கினார், என் பிறந்த ஊர்ப் பக்கத்து ஆள் என்பதால் எனக்கு ஒரே பெருமை. அவரும் என் வீட்டுக்காரரும் தினம் ஒரு சண்டை. சிமெண்ட்டில் பூசினால் சட்டென்று முடியும் என்பார் அவர். சுண்ணாம்புதான் என்பார் இவர். சுண்ணாம்பு அரைத்து, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, தூண்களைப் பளிங்குபோலத் தேய்த்தார்கள். முட்டை கொடுத்தது நாங்கள். மஞ்சள் கரு வீணாகாமல் வீட்டுக்கு வந்தது. அந்த மாதம் பனையேந்தலில் பிள்ளைகள் எல்லாம் கொழுகொழுவென்று ஆனார்கள். வளவின் தரைக்கு ஆத்தங்குடிக் கல் புதுசாக வந்தது. பழைய கல்லின் பூப்போலவே போடலாம் என்றபோது என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. புதுசு புதுசாகத் தெரிய வேண்டுமாம். அதனால் பத்தியில் பழைய பூவும், வளவில் வெறும் சிவப்பும் ஆனது. கிராதியை ஒரு சட்டம் விடாமல் எண்ணெய் போட்டுத் துடைத்து, இருந்த இடத்திலேயே விட்டார்கள். தகரத்தை இறக்கிய அன்று பல வருசத்துக்குப் பிறகு மாதா சிலை மேல் வெயில் பட்டது. சகாயம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திருவிழாவுக்குக் கோயில் தயாரானது. முதல் பூசைக்கு நாங்கள் எல்லாரும் விடியுமுன் குளித்து, தலையில் பூ வைத்து, முகப்பு வழியாக, ஆம், இத்தனை நாள் வந்த பக்கக் கதவு வழியாக அல்ல, முகப்பு வழியாக உள்ளே நுழைந்தோம். எங்கள் பத்தியில் போய் உட்கார்ந்தோம். மேலேயிருந்து காலை வெளிச்சம் நேராகப் பீடத்தில் இறங்கியது. அதற்குப் பின்னால் நின்ற சாமியார் முகம் எல்லாருக்கும் தெரிந்தது. கேட்டது கிடைத்துவிட்டது.

பாட்டை எடுத்தேன். தலையை நிமிர்த்தினேன். பீடத்துக்கு அந்தப் பக்கம், எதிர்ப்பத்தியில், மூன்றாவது தூண் பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் பாடி அவர் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே கோயிலுக்குத்தான் போய் வந்தோம். நடுவில் ஒரு கிராதி இருந்தது, அவ்வளவுதான். நான் சாமியார் முகத்துக்காகச் சண்டை போட்டேனே தவிர, அந்தப் பக்கம் இப்படியும் ஒரு முகம் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. அவர் கண்ணாடி ஓட்டைப் பார்க்கவில்லை, தூண் பூச்சைப் பார்க்கவில்லை. கைகூப்பியபடி, கண் கலங்கி, பாடுகிற என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டாவது அடி மறந்துபோய் முதல் அடியையே மறுபடி பாடினேன்.

பூசையின் நடுவில் வியாகுலம் எழுந்து வெளியே போனது ஓரக்கண்ணில் தெரிந்தது. மூக்குப்பொடி போடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பூசை முடிந்து சாமியார் இரண்டாங்கட்டுக்குள் நுழைந்ததும், வியாகுலம் கையில் ஆவி பறக்கும் கஞ்சிச் சொம்போடு ஓட்டமும் நடையுமாக வந்தார். சகாயம்மாள் மறித்தாள்.

“யாருக்கு இது?”

“சாமிக்குத்தான். பிரசங்கத்துக்கு முன்னாலருந்தே இடது புருவம் துடிச்சுக்கிட்டு இருந்துச்சே, நீங்க யாரும் பாக்கலையா?” என்று சொல்லிவிட்டு, கஞ்சி சிந்தாமல் உள்ளே போய்விட்டார்.

சகாயம்மாள் வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“நான் கண்ணை மூடி செபம் பண்ணிக்கிட்டு இருந்தேன். நீ தொறந்துக்கிட்டுத்தானடி இருந்த? அவ்வளவு சண்டை போட்டு வாங்கின மொகத்தைப் பாக்காம எங்கடி பாத்துக்கிட்டு இருந்த?”

எதிர்ப்பத்தியில் என் வீட்டுக்காரர் தூணைத் தடவிப் பார்ப்பதுபோல நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.